இரவு விலையைப் பார்த்து மயங்காதீர்கள், பகல் விலையைப் பாருங்கள்

கேள்வி: மின்சார கார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. சார்ஜ் போடுவது வீட்டில்தான். இப்போது எனக்கு நாள் முழுக்க யூனிட்டுக்கு ஒரே விலை. இரவில் பாதிக்குப் பக்கமாக விலை குறையும் திட்டம் ஒன்று இருக்கிறதாம்; பகலில் மட்டும் கொஞ்சம் கூடுமாம். மாதம் 1,200 கி.மீ. ஓட்டுகிறேன். மாறிவிடலாமா?

பதில்: 'கொஞ்சம் கூடுமாம்' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. இரவு விலை காருக்கு. பகல் விலை ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், அடுப்பு என்று வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும்.

முதலில் கார் எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். நடுத்தரக் கார் ஒன்று 100 கி.மீ.க்கு 15 யூனிட் எடுக்கிறது என்று வைத்தால், உங்களுக்கு மாதம் 180 யூனிட். ஆனால் டாஷ்போர்டு காட்டுவது பேட்டரியிலிருந்து இறங்கிய கணக்கு. மீட்டரில் அதைவிடக் கூடத்தான் ஓடும். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை (AC) பேட்டரிக்கு ஏற்ற நேர்திசை மின்சாரமாக (DC) மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். ஆக, மீட்டரில் 200 யூனிட்.

இனி வீட்டுக் கணக்கு. கார் இல்லாமல் மாதம் 250 யூனிட் ஆகிறது, அதில் 70 இரவில், 180 பகலில் என்று கொள்வோம். இப்போதைய விலை யூனிட்டுக்கு 100 புள்ளி. புதிய திட்டத்தில் இரவுக்கு 60, பகலுக்கு 130. (புள்ளியை உங்கள் ஊர்ப் பணமாக மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.) ஒரே விலையில் 450 யூனிட்டுக்கு 45,000 புள்ளி. புதிய திட்டத்தில் பகலுக்கு 23,400, இரவுக்கு 16,200, மொத்தம் 39,600. 12 சதவீதம் மிச்சம்.

நல்லதுதானே என்று உடனே விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். அதே 200 யூனிட்டில் பாதியைப் பகலில் ஏற்றினால் பில் 46,600. மாறாமலே இருந்திருக்கலாம்! அதேபோல, மாதம் 360 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்குக் காருக்கு 60 யூனிட்தான் ஆகும். அவர் அத்தனையையும் இரவிலேயே ஏற்றினாலும் புதிய திட்டத்தில் 31,200, பழையதில் 31,000.

எனவே பழைய பில்களை எடுத்து, உங்கள் எண்களை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மணிவாரிக் கணக்கே கிடைக்கும். இல்லையென்றால் ஒரு வாரம் தூங்கப் போகும்போதும் எழுந்ததும் மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள், அது போதும். பில்லில் மாதாமாதம் வரும் நிலைக் கட்டணம் திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறதா என்பதையும் கூடவே பாருங்கள். வெயில் காலத்தில் பகல் முழுக்க ஏசி ஓடும் வீடாக இருந்தால் அந்த மாத பில்லையும் சேர்த்துப் போடாமல் முடிவு எடுக்காதீர்கள்.

கேள்வி: மலிவு நேரம் ஆறு மணி நேரம்தான். அதற்குள் சார்ஜ் ஏற 7 கிலோவாட் சார்ஜர் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பதில்: அவர் விற்பனையாளர், அப்படித்தான் சொல்வார். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் எடுக்கும் சார்ஜர் ஏறக்குறைய 3.6 கிலோவாட் தரும். ஆறு மணி நேரத்தில் 21 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இழப்பு போக 120 கி.மீ. ஓட்டத்துக்குக் காணும். தினம் 40 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இரண்டு மணி நேரமே போதும். 7 கிலோவாட் வைத்தால் இணைப்புச் சுமையை, அதாவது உங்கள் வீட்டு இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட் அளவை, கூட்ட வேண்டி வரலாம், அதோடு நிலைக் கட்டணமும் ஏறலாம். தினமும் நூறு, நூற்றைம்பது கி.மீ. ஓட்டுகிறவர் தாராளமாக வாங்கட்டும். எது வாங்கினாலும் அதற்கென்று தனி வயர், தனி பிரேக்கர் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் செருகாதீர்கள்.

இன்னொன்று, நான் பட்டது. காரிலும் டைமர் வைத்தேன், சார்ஜரிலும் டைமர் வைத்தேன். கார் பதினொன்றரைக்குக் கேட்டது, சார்ஜர் பன்னிரண்டுக்குத்தான் கொடுத்தது. கேட்டுப் பார்த்துக் கிடைக்காமல் கார் தூங்கிவிட்டது. காலையில் வந்தால் முந்தின நாள் இருந்த அதே 31 சதவீதம்! அன்று பகல் விலைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். டைமர் ஒரே இடத்தில் இருக்கட்டும். மின்வெட்டுக்குப் பிறகு அதன் மணி சரியாக இருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

கேள்வி: எங்களுக்கு யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். காருக்குத் தனி மீட்டர் வாங்கலாமா?

பதில்: படிமுறைக் கட்டணத்தில் காரின் யூனிட் எல்லாம் மேல் படியில்தான் போய் உட்காரும். பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை வைத்துக் காரின் செலவைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். மேல் படி விலைக்கும் தனி இணைப்பின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காரின் யூனிட்டால் பெருக்குங்கள். அந்தத் தொகை தனி இணைப்பின் மாத நிலைக் கட்டணத்தைத் தாண்டி, மீட்டருக்கும் வயரிங்குக்கும் போட்ட பணத்தை இரண்டு மூன்று வருடத்தில் திருப்பித் தருமானால் வாங்குங்கள்.

கேள்வி: கூரையில் சோலார் இருக்கிறது. எனக்கும் இரவுத் திட்டம் வேண்டுமா?

பதில்: கார் பகலில் வீட்டில் நிற்கிறதா? நிற்கிறது என்றால், உபரி மின்சாரத்துக்கு உங்களுக்குக் கிடைக்கும் விலையையும் இரவு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உபரிக்கு அதிகம் கிடைத்தால் பகலில் விற்றுவிட்டு இரவில் ஏற்றுங்கள். குறைவாகக் கிடைத்தால் மதியமே காரை மாட்டிவிடுங்கள்.