ரத்தக்குழாய்க் கசிவை ஆராயப் போகிறேன் என்கிறாளா உங்கள் மகள்?

டாக்டருக்குப் படிக்க மாட்டேன், வீக்கம் வந்தால் ரத்தக்குழாய் ஏன் கசிகிறது என்று ஆராயப் போகிறேன் என்று மகள் அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "இதை வைத்து என்ன வேலை கிடைக்கும்?" என்ற உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனால் அவள் தேர்ந்தெடுத்திருப்பது சின்ன விஷயமில்லை.

ரத்தக்குழாயின் உட்சுவரில் எண்டோதீலியல் செல்கள் கைகோத்து நிற்கின்றன. அந்தக் கைகளில் முக்கியமானது விஇ-கேட்ஹெரின் என்ற புரதம். வெளியே ஒட்டியிருக்கும் பெரிசைட் செல்கள் ஆஞ்சியோபொயட்டின்-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது எண்டோதீலியல் செல்லின் மேலுள்ள டை2 என்ற ஏற்பியில் உட்கார்ந்திருக்கும்வரை பிடி இறுக்கமாக இருக்கும். அழற்சி வந்தால், எண்டோதீலியல் செல்கள் தங்களுக்குள் சேமித்து வைத்திருக்கும் ஆஞ்சியோபொயட்டின்-2 சில நிமிடங்களில் வெளியே வருகிறது. அது அதே ஏற்பியில் இடம்பிடித்து அந்த சிக்னலைத் தடுக்க, பிடி தளர்ந்து நீர் கசிகிறது. அளவான கசிவு நல்லது; எதிர்ப்புப் புரதங்கள் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். அளவு மீறினால், செப்சிஸ் (கிருமித்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டும் ஆபத்தான நிலை) நோயாளிக்கு ரத்த அழுத்தம் சரியும், நுரையீரலில் நீர் கோக்கும்.

இதிலிருந்து மருந்தும் வந்திருக்கிறது. கட்டிகள் சுரக்கும் ஒரு புரதம் ரத்தக்குழாயைக் கசிய வைக்கிறது என்று 1983இல் செங்கர், டுவோராக் குழுவினர் காட்டினார்கள். இன்று விஇஜிஎஃப் என்று சொல்வது அதைத்தான். அதையும் ஆஞ்சியோபொயட்டின்-2வையும் சேர்த்துத் தடுக்கும் ஃபாரிசிமாப் என்ற கண் ஊசிக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. செப்சிஸில் கசிவை நிறுத்த இப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை. உங்கள் மகளுக்கான வேலை அங்கேதான் காத்திருக்கிறது என்பேன்.

சரி, படிப்புக்கு வருவோம். உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம் எதில் தொடங்கினாலும் பரவாயில்லை. கூடவே புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரலும் கட்டாயம் வேண்டும். பிஎச்டி முடிக்க நாலைந்து வருடம், சில சமயம் ஆறும் ஆகும். அதுவரை உதவித்தொகைதான் வருமானம், நிலையான சம்பளம் தாமதமாகத்தான் வரும். இதை மறைக்காமல் வீட்டில் பேசிவிடுங்கள். அப்புறம் மருந்து நிறுவனம், ஆன்டிபாடி வடிவமைப்பு, மருத்துவப் பரிசோதனைகள், நுண்ணோக்கிப் பட ஆய்வு என்று எந்தப் பக்கமும் போகலாம்.

நான் பார்க்கச் சொல்வது மார்க்கை அல்ல, பொறுமையை. நுண்துளைச் சவ்வில் செல்களை வளர்த்து, அவை நெருங்கிச் சேர நாள்கணக்கில் காத்திருந்து, த்ராம்பின் என்ற ரத்தம் உறையவைக்கும் நொதியைச் சேர்த்ததும் மின்தடை (கசிவு கூடினால் இது குறையும்) எப்படி விழுகிறது, எப்படித் திரும்ப ஏறுகிறது என்று அளப்பார்கள். பல தடவை செல்களே சரியாக வளராது. மறுபடி முதலிலிருந்து. அதில் சலிக்காதவளா அவள்? ஒரு விடுமுறையில் ஆய்வகத்தில் உட்கார வைத்தால் உங்கள் இருவருக்குமே தெரிந்துவிடும்.

இடம் கேட்டு மெயில் எழுதும்போது அந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையைப் படித்து, அதில் தனக்குப் புரியாத ஒரு கேள்வியையும் அவள் எழுதட்டும். நேரில் போனால் பேராசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "உங்களிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?"