மலை இப்படிக் கிடக்கும்போது கண்ணை மூடி உட்காரலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது, கொடைக்கானல் பக்கம் வில்பட்டி. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறேழு பேர் சேர்ந்து சோலைக் காட்டு ஓரத்தில் வாட்டில் (வெளிநாட்டிலிருந்து வந்து மலையெங்கும் பரவிய மரம்) கன்றுகளைப் பிடுங்குகிறோம், டூரிஸ்ட்டுகள் வீசிய பாட்டில்களைப் பொறுக்குகிறோம். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் கோபம் வருகிறது. போன மாதம் வேனிலிருந்து சிப்ஸ் கவரை எறிந்த குடும்பத்தைப் பார்த்துக் கத்திவிட்டேன், அவர்கள் குழந்தை பயந்து அழுதது. ராத்திரி தூக்கமும் இல்லை. பெருமாள்மலை ஜென் தியான மையத்துக்கு வந்து சில நாள் உட்கார் என்கிறாள் தோழி. மலை இப்படிக் கிடக்கும்போது அது தப்பித்து ஓடுவது ஆகாதா?

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் சந்தேகம் நியாயமானது. நாம் அமைதியானால் உலகமும் தானாக மாறிவிடும் என்று சொல்லிக் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நம்ப வேண்டாம். உங்கள் ஊர் தெர்மாமீட்டர் ஃபேக்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து 2001-இல் ஆலை மூடப்பட்டது, அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கம்பெனியோடு உடன்பாடு வந்தது 2016-இல். மனு, வழக்கு, போராட்டம் என்று அலைந்துதான் வாங்கினார்கள். ஆனால் எத்தனை வருஷம் என்று பாருங்கள்.

வாட்டில் கதையும் அதேதான். அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும், தீப் பட்டாலோ மண்ணைக் கிளறினாலோ கூட்டமாக முளைத்துவிடும், நீங்கள் சுத்தம் செய்த சரிவு அடுத்த மழைக்கு மறுபடி கன்றுகளாக நிற்பது உங்கள் தோல்வியே இல்லை. இந்த வேலைக்கு இருபது வருஷம் நிற்கிற ஆள் வேண்டும். நீங்கள் இப்போது போகிற வேகத்தில் இன்னும் ஒரு வருஷம் தாங்குவீர்களா என்பதுதான் என் கவலை.

உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? வேன் கண்ணாடி இறங்குகிறது, கவர் வந்து விழுகிறது, நீங்கள் கத்துகிறீர்கள், இதற்கு நடுவில் இப்போது ஒரு நொடிகூட இல்லை. தினமும் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்துப் பழகினால், தாடை இறுகுவதும் நெஞ்சு படபடப்பதும் வாய் திறக்கும் முன்பே தெரிய ஆரம்பிக்கும். தெரிந்துவிட்டால், கவரை எடுத்துக்கொண்டு போய் அந்த அப்பாவின் கையில் கொடுத்து, கறாராகவே, குழந்தை பயப்படாதபடி சொல்ல முடியும். கோபப்படாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், பழனி மலையின் புல்வெளியில் பெரும்பகுதி வாட்டிலும் பைனுமாக மாறிக் கிடப்பதைப் பார்த்துக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். அந்தக் கோபத்துக்கு அடியில் துக்கம் இருக்கிறது, அதற்கு ஒரு நாளும் நீங்கள் நேரம் கொடுத்ததில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. அமெரிக்காவில் ஜோவன்னா மேசி 1970களின் கடைசியிலிருந்து இதைத்தான் செய்தார்: சுற்றுச்சூழலுக்காகவும் அணு ஆயுதத்துக்கு எதிராகவும் வேலை செய்பவர்களை உட்காரவைத்து, முதலில் அவரவர் துக்கத்தைப் பேசவைத்தார். உங்கள் குழுவிலும் மாதம் ஒரு தடவை வேலை முடிந்து டீ குடிக்கும்போது ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசுங்கள், நடுவில் யாரும் யோசனை சொல்லக் கூடாது. யோசனை சொல்லாமல் கேட்பது எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை.

இன்னொரு விஷயம், எனக்கு முக்கியமாகப் படுவது. பல இடங்களில் வாட்டில் நிழலிலேயே சோலை மரங்களின் கன்றுகள் திரும்ப முளைத்து வருகின்றன. அடுத்த ஞாயிறு கையை வைக்கும் முன் எல்லோரும் பத்து நிமிஷம் பேசாமல் குந்தி உட்கார்ந்து தரையை மட்டும் பாருங்கள். சருகுக்கு நடுவில் விரல் உயரத்தில், சிவந்த கொழுந்தோடு ஏதாவது நிற்கலாம். அவசரத்தில் வாட்டிலை இழுக்கிற கை அதையும் சேர்த்து மிதித்துவிடும், அங்கே எல்லா வாட்டிலையும் ஒரேயடியாக எடுத்தால் வெயில் பட்டுக் கன்று கருகும். திறந்த புல்வெளியில் வேறு கணக்கு, அங்கே கன்றாக இருக்கும்போதே மழை ஈரத்தில் வேரோடு எடுத்துவிட வேண்டும். எந்த இடம் எது என்று நின்று பார்ப்பதும் தியானம்தான் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் கேள்வி 1960களில் வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது அங்கிருந்த துறவிகளுக்கும் வந்தது. மடத்துக்குள் உட்காருவதா, வெளியே போவதா? அவர்களில் ஒருவரான பௌத்தத் துறவி திக் நாட் ஹான் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொன்னார். அவர் பயிற்சி கொடுத்த இளைஞர்கள் இடிந்த கிராமங்களைத் திரும்பக் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், உங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இருக்கிறார். நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தரவும், பிறகு இறால் பண்ணைகளை எதிர்த்தும் பல பத்து வருஷம் நின்றவர். பிரார்த்தனை அவர் போராட்டத்தோடு சேர்ந்தே இருந்தது.

அதனால் தோழியோடு அந்த ஜென் மையத்துக்குப் போய்ப் பாருங்கள். அது இயேசு சபைப் பாதிரியார் ஆமா சாமி தொடங்கிய இடம், எந்த மதத்தவரும் போகலாம், உட்காருவதோடு தோட்ட வேலையும் உண்டு. முதல் இரண்டு நாள் கால் வலிக்கும், மனசு இன்னும் அதிகமாகக் கத்தும், அது எல்லோருக்கும் நடப்பது. வார நாட்களில் போனால் ஞாயிற்றுக்கிழமை வேலையும் கெடாது. ஆனால் ராத்திரித் தூக்கம் இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அது வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள், ஜென் மையம் அப்புறம்.