காது ஆபரேஷனில் நிபுணராக எம்.எஸ். மட்டும் போதுமா?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். செவிப்பறை ஓட்டையை அடைப்பது போன்ற வழக்கமான ஆபரேஷன்களுக்குக் காது-மூக்கு-தொண்டை எம்.எஸ்., அதாவது 3 வருடப் படிப்பு போதும். உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட், நடுக்காதில் இருக்கும் குட்டி அங்கவடி எலும்பு ஆபரேஷன் என்று போக ஆசையா? சரி, அதற்கப்புறம் ஓரிரு வருடம் ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி செய்துவிடுங்கள்.

அங்கவடி எலும்பின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். நம்மூர் கேழ்வரகு மணி இரண்டைப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு!

பயிற்சியின் உயிர்நாடி பொட்டெலும்பு (காது அடங்கிய மண்டை எலும்பு) ஆய்வகம். இறந்தவர் உடலிலிருந்து எடுத்த எலும்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி குடைய வேண்டும். ஒரு கையில் டிரில், மறு கையில் தண்ணீரை உறிஞ்சும் குழாய். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நாளை உயிருள்ள நோயாளிக்குச் செய்யும்போது, உராயும் சூடே இந்த எலும்புக்குள் ஓடும் முகநரம்பைக் காயப்படுத்திவிடும். அந்த நரம்பு போனால் முகம் ஒரு பக்கம் கோணிவிடும், கண்ணை மூட முடியாது. ஆபரேஷனில் எலும்பு மெலிய மெலிய, அடியில் இளஞ்சிவப்பாக ஒரு நிழல் தெரியும்; அதுதான் முகநரம்பு. அங்கே முரட்டு முனையை எடுத்துவிட்டு வைர முனைக்கு மாற வேண்டும். கைக்கு இந்த நிதானம் வர எத்தனையோ எலும்புகள் குடைந்தாக வேண்டும்.

படித்துவிட்டு நம் மாவட்டத்துக்கே வாருங்கள் தம்பி. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்டவர்களுக்கே இம்ப்ளான்ட் கிடைக்கும். பென்னாகரம் மலைக்கிராமத்துத் தாய்க்கு அதைச் சொல்ல பக்கத்திலேயே ஆள் வேண்டும்.

இப்போதைக்கு, ஓ.பி.யில் காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப்பைக் கேட்டு வாங்கி, நல்ல செவிப்பறைகளை நிறையப் பாருங்கள்.