கறுக்கும் அரைஞாணும் புதுப் பூச்சு மாஸ்க்கும்

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் வேலை பார்க்கிறார். இடுப்பில் கட்டியிருக்கும் வெள்ளி அரைஞாண் மாதாமாதம் கறுத்துவிடுகிறது. விஷவாயுவைத் துணியே உறிஞ்சும் புதுப் பூச்சு வந்திருக்கிறதாமே, அந்த மாஸ்க்கை வாங்கித் தரலாமா? – வாலாஜா வாசகி

பதில்: பூச்சு உண்மைதான் சகோதரி. அதை நம்பி அவரை வேலைக்கு அனுப்பும் காலம் இன்னும் வரவில்லை.

அரைஞாணைக் கறுக்க வைப்பது ஹைட்ரஜன் சல்பைடு. சோடியம் சல்பைடு போட்டு முடி நீக்கிய தோலைச் சரியாகக் கழுவாமல் அமிலம் ஊற்றினால், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்முக்குள்ளேயே கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும். ‘நாத்தம் போயிடுச்சு’ என்று தலையை உள்ளே நீட்டுகிறவர்தான் விழுகிறார்.

சரி, பூச்சு. உலோகத்தையும் கரிமச் சேர்மத்தையும் கோத்த படிகம் அது, உள்ளே தேனடை போல அறைகள். ஒரு கிராமின் அறைச்சுவர்களை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும். 2025 வேதியியல் நோபல் பரிசு இந்தப் படிகங்களுக்குத்தான். பொடியைப் பசை போட்டு ஒட்டினால் பசையே அறைகளை அடைத்துவிடும். மாஸ்க் துணியின் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையோ வழவழப்பு. அதனால் அலுமினியச் சேர்மத்தின் ஆவியையும் நீராவியையும் மாறி மாறிச் செலுத்தி, சில நானோமீட்டர் ஆக்சைடு படலம் வளர்க்கிறார்கள். பூச்சு பிடிக்கக் கொத்தனார் சுவரைக் கொத்திவிடுவார் இல்லையா, அந்த வேலை. படிகம் அதன்மேல் வளரும்.

சிர்கோனியப் படிகம் பூசிய துணி, ஆய்வகத்தில் ராணுவ நரம்பு விஷங்களை உடைத்திருக்கிறது. அதற்காக ஷாப்பு வாயுவையும் பிடிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். செம்புப் படிகம் ஒன்று இந்த வாயுவைப் பிடிக்கும். பிடித்துக் கறுத்து, உருக்குலைந்தும் போகும். உங்கள் வீட்டு அரைஞாண் கதைதான்.

இன்றைக்கு வேண்டியது முகத்தோடு ஒட்டி உட்காரும் ரப்பர் மாஸ்க், அதில் வாயுவுக்கேற்ற காட்ரிட்ஜ், அதாவது வாயுவை வடிகட்டும் டப்பா. ஐரோப்பிய முறையில் சாம்பல் பட்டை இந்த வாயுவுக்கு, பச்சை அம்மோனியாவுக்கு. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். இதெல்லாம் டிரம் பக்கத்து வேலைக்கு மட்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்க எந்த காட்ரிட்ஜும் உதவாது, அது ஆக்ஸிஜன் தராது. வாயு மீட்டரும் வெளிக்காற்றுக் குழாயும் இல்லாவிட்டால் இறங்க மாட்டேன் என்று அவர் சொல்லியே ஆகவேண்டும், உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும்.

அரைஞாணை விபூதி போட்டுத் தேய்த்து, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முன்பைவிடச் சீக்கிரம் கறுத்தால், டிரம்மில் கழுவும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்களா என்று அவரை சூப்பர்வைசரிடம் கேட்கச் சொல்லுங்கள்.