சோர்ஸில் இருந்து ஃப்ரீபிஎஸ்டி அப்கிரேடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை சோர்ஸில் (அதன் மூல நிரலில்) இருந்து கம்பைல் செய்து அப்கிரேடு செய்வது பற்றிக் கடலூர், பாண்டிச்சேரி பக்கத்தில் இருந்து நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் என்று ஒரு கட்டளை இருக்கும்போது சோர்ஸ் எதற்கு?

தம்பி, ரிலீஸ் பதிப்பும் ஜெனரிக் கெர்னலும்தான் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி, ஜெனரிக் அதன் மாற்றாத வடிவம்) வைத்திருக்கிறாய் என்றால் அந்தக் கட்டளையே போதும். கெர்னலை நீயே மாற்றி அமைத்திருந்தால் அதை அது அப்டேட் செய்யாது, வளர்ச்சி நடந்துகொண்டிருக்கும் ஸ்டேபிள் கிளையில் இருந்தாலும் உதவாது, அப்போது சோர்ஸ்தான் வழி. ஆனால் படிக்கிற பையன் என்பதால் சொல்கிறேன், ஒரு தடவையாவது செய்து பார். கெர்னல், லிப்சி (எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் சி லைப்ரரி), ஷெல் எல்லாம் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி என்ற ஒரே மரத்தில் இருக்கிறது, அதை முழுதாகக் கட்டி உன் மெஷினிலேயே ஓடவைப்பது போன்ற பாடம் வேறு கிடைக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரிலெங் கிளையை (வெளியான பதிப்புக்குத் திருத்தங்கள் மட்டும் வரும் கிளை) எடுங்கள். இன்னொன்று, சோர்ஸ் மரம் 2020 கடைசியில் சப்வெர்ஷனில் இருந்து கிட் (git) என்ற பதிப்பு மேலாண்மைக் கருவிக்கு மாறிவிட்டது, அதனால் சப்வெர்ஷன் கட்டளைகளோடு இருக்கும் பழைய குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்.

மஞ்சக்குப்பம்: சார், எந்த வரிசையில் செய்வது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கட்டளை எதையும் அடிக்கும் முன் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி/அப்டேட்டிங் கோப்பைத் திறந்து, உங்கள் பழைய பதிப்பின் தேதியில் இருந்து மேலே வரை படியுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் மேக் பில்ட்வேர்ல்டு (வேர்ல்டு என்றால் கெர்னல் தவிர்த்த மற்ற சிஸ்டம் நிரல்கள்), மேக் பில்ட்கெர்னல், மேக் இன்ஸ்டால்கெர்னல், ரீபூட் செய்து சிங்கிள் யூசர் (ரூட் மட்டும் உள்ளே இருக்கும் பராமரிப்பு நிலை), எட்ஸிஅப்டேட் -பி (இது /எட்ஸி உள்ளே இருக்கும் அமைப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கும்), மேக் இன்ஸ்டால்வேர்ல்டு, எட்ஸிஅப்டேட் -பி (முதலில் சொன்னது சிறிய p, இது பெரிய B), மேக் டெலீட்-ஓல்டு, மறுபடி ரீபூட்.

கெர்னல் ஏன் முதலில் என்றால், பழைய நிரல்களைப் புதிய கெர்னல் ஓட்டும், புதிய நிரல்கள் கேட்கும் சிஸ்டம் கால் பழைய கெர்னலில் இல்லாமல் போகலாம். வரிசை மாறினால் எல்எஸ் கூட ஓடாத நிலை வரும். இடையில் ஒரு ரீபூட் வைத்திருப்பதும் அதற்காகத்தான், புதுக் கெர்னல் பூட் ஆகவில்லை என்றால் லோடரில் (பூட் ஆகும்போது வரும் மெனு) பழைய கெர்னலான கெர்னல்.ஓல்டைத் தேர்ந்தெடுத்து வந்துவிடலாம், வேர்ல்டு இன்னும் பழையதாகவே இருக்கும். ஒரு எச்சரிக்கை: புதுக் கெர்னல் பாதி ஒழுங்காக ஓடும்போது அதிலிருந்தே இன்னொரு முறை இன்ஸ்டால்கெர்னல் கொடுத்தால், அந்தப் பாதிக் கெர்னல் கெர்னல்.ஓல்டு ஆகிவிடும், நல்லது போய்விடும். அதனால் நன்றாக ஓடும் கெர்னல் டைரக்டரியை முதலிலேயே வேறு பெயரில் நகல் எடுத்து வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: பாதியில் கரண்ட் போனால்?

நம்ம ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு, ஐப்பசி கார்த்திகை மழை, புயல் எல்லாம் இருக்கும்போது இது நியாயமான பயம். பில்டு நடக்கும்போது போனால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் உருவாகிற கோப்புகள் எல்லாம் /யூஎஸ்ஆர்/ஓபிஜே உள்ளேதான் இருக்கின்றன, ஓடுகிற சிஸ்டத்தில் ஒரு கோப்பு கூட மாறியிருக்காது. ஃபைல்மான் மாட்யூலை ஏற்றி மெட்டா மோடு (எது ஏற்கெனவே கட்டியானது என்று குறித்துவைக்கும் வசதி) போட்டிருந்தால் ஏறக்குறைய விட்ட இடத்தில் இருந்தே தொடரும். தொடர்ந்தபின் சம்பந்தமில்லாத பிழை வந்தால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டிருக்கும், ஓபிஜேவைக் காலி செய்துவிட்டு முதலில் இருந்து ஓட்டுங்கள்.

இன்ஸ்டால்வேர்ல்டு அப்படி இல்லை. அது லிப்சியையே மாற்றுகிறது, நடுவில் நின்றால் பாதி பழசு பாதி புதுசு. யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். உங்கள் ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ் என்றால் இன்ஸ்டால்கெர்னலுக்கு முன்பே பிஇசிடிஎல் கிரியேட் கொடுத்து ஒரு பூட் என்விரான்மெண்ட் (பூட் செய்யக்கூடிய சிஸ்டம் நகல்) எடுத்து வையுங்கள், எது கெட்டாலும் லோடர் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து வரலாம். யூஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் முழு பேக்கப்பும் ஒரு யூஎஸ்பி இன்ஸ்டாலரும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நெல்லிக்குப்பம்: பில்ட்வேர்ல்டு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. சோர்ஸ் சரியில்லையா?

சோர்ஸில் கோளாறு என்றால் ஒரே கோப்பில், ஒரே வரியில்தான் நிற்கும். இடம் மாறி மாறி சிக்னல் 11 (நினைவகப் பிழையால் நிரல் நின்றுபோவது) வருகிறது என்றால் ராமையும் சூட்டையும் பாருங்கள். சித்திரை வைகாசி வெயிலில் தூசி அடைந்த ஃபேனோடு பழைய மெஷின் மணிக்கணக்காக எல்எல்விஎம் என்ற பெரிய கம்பைலர் தொகுப்பைக் கம்பைல் செய்தால் இப்படி ஆகும். டிமெஸ்ஜியில் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) ஸ்வாப் இடம் தீர்ந்து ப்ராசஸ் கொல்லப்பட்டதாக வரி இருந்தால் அது வேறு, நினைவகம் போதவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடும் என்று சொல்லும் -ஜே8 கொடுத்த இடத்தில் -ஜே2 கொடுங்கள். நேரம் கூடும், ஆனால் முடியும்.

முதலியார்பேட்டை: எட்ஸிஅப்டேட்டில் கான்ஃப்ளிக்ட் காட்டியது. புதியதையே எடுத்துக்கொள் என்று கொடுத்துவிடலாமா அண்ணா?

எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள்! முக்கியமாக மாஸ்டர்.பாஸ்வேர்டு கோப்புக்கு. புதிய கோப்பை முழுதாக எடுத்தால் நீங்கள் சேர்த்த பயனர்கள் எல்லாம் காணாமல் போவார்கள், ரூட்டுக்கு பாஸ்வேர்டே இருக்காது. எட்ஸிஅப்டேட் ரிசால்வ் கொடுத்து, ஒவ்வொரு கோப்பிலும் வித்தியாசத்தைப் பார்த்து, உங்கள் வரிகளை வைத்துக்கொண்டு புதியதைச் சேருங்கள்.

பண்ருட்டி: அப்கிரேடு முடிந்தது, ஸ்கிரீன் மட்டும் கருப்பு.

பழைய கெர்னலுக்குக் கட்டிய டிஆர்எம் (கிராஃபிக்ஸ் டிரைவர்) மாட்யூலாக இருக்கும். சிங்கிள் யூசரில் போய் ஆர்சி.கான்ஃபில் மாட்யூல்களை ஏற்றும் கேஎல்டி_லிஸ்ட் வரியை நிறுத்தி வையுங்கள், பூட் ஆனதும் டிஆர்எம்-கேமாட்டை போர்ட்ஸில் (மென்பொருளை சோர்ஸில் இருந்து கட்டி நிறுவும் தொகுப்பு) இருந்து புதுக் கெர்னலுக்குக் கட்டி நிறுவுங்கள்.

சிதம்பரம்: பதிப்பு 12-ல் இருந்து நேரே 14-க்குத் தாவலாமா?

வேண்டாம். 12-ன் கடைசிப் பதிப்பு, அங்கிருந்து 13, பிறகு 14.

வில்லியனூர்: எல்லாம் முடித்துவிட்டேன் சார். டெலீட்-ஓல்டு-லிப்ஸ் உடனே ஓட்டலாமா? இசட்பூல் அப்கிரேடும் செய்யச் சொல்லிக் கேட்கிறது.

முதலில் ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் -கேஆர்யூ கொடுத்துப் பாருங்கள், மூன்று வரியும் (நிறுவிய கெர்னல், ஓடும் கெர்னல், வேர்ல்டு) ஒத்துப்போக வேண்டும். டெலீட்-ஓல்டு-லிப்ஸ் இப்போது வேண்டாம், நிறுவிய பேக்கேஜுகள் பழைய லைப்ரரிகளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய பதிப்பு மாறியிருந்தால் பிகேஜி அப்கிரேடு -எஃப் கொடுத்து அவற்றைப் புதுப்பித்த பிறகு ஓட்டுங்கள். இசட்பூல் அப்கிரேடுக்கு (இசட்எஃப்எஸ் பூலுக்குப் புதிய வசதிகளை இயக்குவது) இன்னும் அவசரமே இல்லை. அது செய்துவிட்டால் பழைய பூட் என்விரான்மெண்டால் பூலைப் படிக்க முடியாமல் போகலாம், திரும்பும் வழி அடைபட்டுவிடும். சில வாரம் ஓட்டிப் பார்த்து நம்பிக்கை வந்தபின் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன் பூட் லோடரைப் புதுப்பித்துவிடுங்கள். யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் ஈஎஸ்பி என்ற பூட் பார்ட்டிஷனில் இருக்கும் லோடர்.ஈஎஃப்ஐ நகலை நீங்கள்தான் மாற்ற வேண்டும், இன்ஸ்டால்வேர்ல்டு அதைத் தொடாது.