முன்பாரமா, பின்பாரமா? கிரான் டூரிஸ்மோவில் ஒரு காரின் குணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

கேள்வி: பிஎஸ்5-இல் (பிளேஸ்டேஷன் 5) கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் விளையாட்டை விளையாடுகிறேன். ஒவ்வொரு காரும் ஓட்டுவதற்கு எப்படி இருக்கிறது என்று தமிழில் பேசி வீடியோ போட ஆசை. நாலைந்து பதிவு செய்து பார்த்தேன். எந்தக் காரை எடுத்தாலும் ‘நல்ல கிரிப், செம வேகம், ஹேண்ட்லிங் சூப்பர்’ என்பதைத் தாண்டிப் பேச்சு வரவில்லை. பழைய போர்ஷே 911 டர்போ மட்டும் வளைவுக்கு வளைவு சுற்றி நின்றுவிடுகிறது. அது காரின் குறையா, என் குறையா? கன்ட்ரோலரில்தான் ஓட்டுகிறேன். வீல் (விளையாட்டுக்கான ஸ்டீயரிங்) வாங்கினால்தான் இதெல்லாம் புரியுமா?

பதில்: 911-இலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கார்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடைக்காத உங்களுக்கு இந்தக் காரைப் பற்றி மட்டும் ‘வளைவுக்கு வளைவு சுற்றுகிறது’ என்று ஒரு விவரம் கிடைத்திருக்கிறது. உங்கள் முதல் உண்மையான விமர்சன வரி அதுதான். ஏன் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற கார்களைப் பற்றியும் பேச்சு தானாக வரும்.

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் முதலில் பார்ப்பது முன்பாரமா பின்பாரமா என்பதைத்தான். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் கூடினால் மேலே தூக்கும். 911 ஒரு பின்பாரக் கார். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின் சக்கரங்களின் மேல் உட்காருகிறது. வளைவுக்குள் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டீர்கள், பயந்துபோய் ஆக்சிலரேட்டரான ஆர்2 பட்டனிலிருந்து விரலை முழுவதும் எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் எடை முன்பக்கம் சாய்கிறது. அதுவரை தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த பின் டயர்கள் லேசாகின்றன. ஆனால் பின்னால் தொங்கும் எஞ்சினோ நேராகப் போகவே பார்க்கிறது. பிடியும் குறைந்து, கனமும் தள்ளும்போது வால் வெளியே வந்துவிடும்.

ஆகவே அது காரின் குறை இல்லை. உங்கள் குறை என்றும் சொல்ல மாட்டேன். முன்பாரக் காருக்குப் பழகிய விரல் அது, அவ்வளவுதான். 911-இல் பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே பெரும்பாலும் முடித்துவிடுங்கள். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை முழுவதும் விடாமல் கொஞ்சமாவது அழுத்தி வையுங்கள். வெளியே வரும்போது தைரியமாக அழுத்துங்கள். பின் சக்கரங்களின் மேல் அத்தனை எடை இருப்பதால் அந்த இடத்தில் இதைப் போல் தரையைக் கவ்விக்கொண்டு கிளம்பும் கார்கள் குறைவு. நீங்கள் ஓட்டும் 930 வகை டர்போவில் இன்னொரு விஷயமும் உண்டு. 1975-இல் விற்பனைக்கு வந்த அந்தத் தலைமுறையில் டர்போ விழித்துக்கொள்ள நேரம் பிடிக்கும். அழுத்துவீர்கள், ஒன்றும் நடக்காது, பிறகு மொத்தமாக வந்து தள்ளும். அது வளைவின் நடுவில் வந்தாலும் சுற்றிவிடும். வண்டி நேராகும் நேரத்தில் சக்தி வந்து சேரும்படி முன்கூட்டியே அழுத்தப் பழக வேண்டும்.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம். ஒரு காரின் குணம் எடை இடம் மாறும் நேரத்தில்தான் வெளியே தெரியும்: பிரேக் பிடிக்கும்போது, ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது, ஆக்சிலரேட்டரை விடும்போது, மறுபடி அழுத்தும்போது. நேர்கோட்டு வேகத்தை எஞ்சினும் எடையும் சொல்லிவிடும். கிரிப்பைப் பெரும்பாலும் டயர் சொல்லிவிடும். நீங்கள் இதுவரை பேசியது அந்த இரண்டையும் பற்றித்தான். அதனால்தான் எல்லா வீடியோவும் ஒன்றுபோல ஆகிவிட்டது.

அந்த டயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கார் வாங்கியதும் முதல் வேலையாக ஸ்போர்ட்ஸ் சாஃப்ட் டயர் மாட்டிவிடுகிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. ரேஸ் ஜெயிக்க அது சரி. விமர்சனத்துக்கு அது பெரிய கேடு. சாதாரண சாலைக் காருக்கு அளவுக்கு மீறிய பிடி கிடைத்துவிட்டால், முன்பாரமோ பின்பாரமோ எதுவும் வெளியே தெரியாது. எல்லாக் காரும் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். 2012-இல் வந்த டொயோட்டா 86-ஐப் பாருங்கள். பிரியஸ் காரில் போட்ட அதே வகை மிச்செலின் பிரைமசி டயரை அதற்கும் கொடுத்தார்கள். குறைந்த வேகத்திலேயே வண்டி வழுக்குவதை ஓட்டுகிறவர் உணர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். டயரும் அந்தக் காரின் குணத்தில் ஒரு பகுதி. நான் சாலைக் கார்களை எப்போதும் வாங்கியபோது வந்த டயரில் முதலில் ஓட்டுவேன். இரண்டு கார்களை ஒப்பிடுவதென்றால் இரண்டுக்கும் கம்ஃபர்ட் சாஃப்ட் அல்லது ஸ்போர்ட்ஸ் ஹார்ட், இரண்டில் ஒன்றை மாட்டிவிட்டு ஓட்டுவேன். எந்த டயர் என்பதை வீடியோவின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உதவி அமைப்புகளில், சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலைச் சுழியத்தில் வையுங்கள். ஏஎஸ்எம் (வண்டி நிலைதடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் உதவி), எதிர்த்திசை ஸ்டீயரிங் உதவி இரண்டையும் அணைத்துவிடுங்கள். இவை காரின் தவறை உங்களுக்குத் தெரியாமலே திருத்திவிடும். திருத்தியதை நீங்கள் காரின் குணம் என்று எழுதிவிடுவீர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கட்டும். பெரும்பாலானவர்கள் அதோடுதான் ஓட்டுகிறார்கள். அதை அணைத்தால் உங்கள் கவனம் முழுவதும் பிரேக்கிலேயே போய்விடும்.

பழைய கார் கடையில் வாங்கிய வண்டி என்றால் ஓட்டும் முன் விளையாட்டின் பராமரிப்புக் கடையான ஜிடி ஆட்டோவில் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஆயில் கெட்டிருந்தால் இந்த விளையாட்டில் எஞ்சின் சக்தி உண்மையாகவே குறையும். அதிகம் ஓடிய வண்டியில் பாடியின் விறைப்பும் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் அதைப் புத்தம்புதிய காரோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

தடத்தைப் பொறுத்தவரை, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். என் தேர்வு சுகுபா. ஜப்பானின் இபராகி மாநிலத்தில் இருக்கும், சுமார் 2 கிலோமீட்டர் நீளமே உள்ள சிறிய தடம் அது. ஜப்பானியக் கார் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாகக் கார்களைச் சோதித்து நேரம் குறித்துவரும் இடமும் அதுதான். காரணம் இருக்கிறது. கடுமையாக பிரேக் பிடித்து நுழையும் ஹேர்பின்கள் உண்டு, எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தூக்கிப் போடும் எஸ் வளைவு உண்டு, வேகமும் பொறுமையும் இரண்டும் கேட்கும் நீண்ட கடைசி வளைவு உண்டு. ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் என்பதால் ஒரே மாலையில் நாலு கார்களைப் பார்த்துவிடலாம். மேடுபள்ளத்தில் எப்படி என்று பார்க்க ஆசைப்பட்டால் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் போதும். அதன் முதல் வளைவான பேடாக் ஹில் சட்டென்று கீழே இறங்கும். பின்பக்கம் லேசான கார் எது என்பதை அந்த ஒரு வளைவே காட்டிவிடும். 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அங்கே காரைவிட தடத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

‘என் குறையா, காரின் குறையா’ என்று கேட்டீர்கள் இல்லையா? அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு காரை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதில் ஐந்து சுற்று, பிறகு புதிய காரில் பத்துச் சுற்று, மறுபடியும் பழைய காரில் ஐந்து சுற்று. பழைய காரின் நேரம் இரண்டாவது முறை நன்றாகக் குறைந்திருந்தால், மாறியது நீங்கள், கை சூடாகியிருக்கிறது. அந்த அளவை மனத்தில் வைத்துத்தான் புதிய காரின் நேரத்தைப் பார்க்க வேண்டும். புதிய காரில் முதல் மூன்று சுற்றுக்கு எந்த அபிப்பிராயமும் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகும் சுற்றுக்குச் சுற்று நேரம் ஒரு நொடிக்கு மேல் ஏறி இறங்கினால் அந்தக் காரைப் பற்றி இன்னும் பேசத் தயாராகவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், எதைக் கவனிப்பது? ஒவ்வொரு வளைவையும் நுழைவு, நடு, வெளியேற்றம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூக்கு என்ன செய்கிறது, வால் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். அண்டர்ஸ்டீர், ஓவர்ஸ்டீர் என்ற சொற்களையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ‘மூக்கு வெளியே போகிறது’, ‘வால் லேசாகிறது’ என்றால் கார் ஓட்டத் தெரியாதவருக்கும் படம் கண்முன் வரும். இதோடு ஒரு தனிச் சோதனையும் செய்யுங்கள்: சுகுபாவின் கடைசி வளைவில் மூன்றாவது கியரில் சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். இந்த ஒரு சோதனையில் வெளிவரும் அளவுக்குக் காரின் குணம் வேறு எதிலும் வெளிவருவதில்லை.

1989-இல் வந்த மாஸ்டாவின் யூனோஸ் ரோட்ஸ்டரில் இதைச் செய்தால் மூக்கு மெதுவாக உள்ளே திரும்பும், வால் சற்று வெளியே வரும். எல்லாமே நீங்கள் யோசித்துச் சரிசெய்யும் வேகத்தில் நடக்கும். ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடை, முன்னும் பின்னும் ஏறக்குறைய சமபாரம், 1.6 லிட்டர் எஞ்சின். சக்தி குறைவு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அளவுகோல் காராக வைத்துக்கொள்ள இதைவிட நல்லது இந்த விளையாட்டில் இல்லை என்பேன்.

ஹோண்டாவின் சிவிக் டைப் ஆர் ஈகே முன்பாரம். இழுப்பதும் முன் சக்கரம்தான், திருப்புவதும் முன் சக்கரம்தான். ஒரே கையால் குடத்தையும் தூக்கிக் கதவையும் திறப்பதுபோல. வளைவின் நடுவில் பேராசைப்பட்டு அழுத்தினால் மூக்கு வெளியே போய்விடும். ஆக்சிலரேட்டரை விட்டாலோ மூக்கு சடாரென்று உள்ளே நுழையும், வால் பின்னாலேயே சுழன்று வரும். இந்தக் காரில் ஆக்சிலரேட்டரை விடுவதே பாதி ஸ்டீயரிங் என்று சொல்லலாம். 911-இல் உங்களைச் சுற்றவிட்ட அதே விரல் அசைவு இங்கே உதவியாக மாறுகிறது. இந்த வித்தியாசத்தைச் சொன்னாலே ஒரு வீடியோவுக்குப் போதும். இதன் எஞ்சின் 185 குதிரைசக்தியை 8,200 ஆர்பிஎம்-இல்தான் கொடுக்கிறது. கியரை அவசரமாக மாற்றிவிட்டு ‘இழுவை இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள்.

நிஸானின் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 வேறு மாதிரி. சாதாரண நேரத்தில் பின் சக்கர வண்டி. பின் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அதன் அட்டெசா அமைப்பு முன் சக்கரங்களுக்கும் சக்தியை அனுப்பும். நுழைவில் மூக்கு கனமாக, சோம்பலாகத் தெரியும். நீண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் முன்னால் இருக்கிறது, மொத்த எடை சுமார் 1,500 கிலோ. ஆனால் பொறுமையாகத் திருப்பிவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால், வால் கொஞ்சம் வெளியே வரும், உடனே முன்பக்கம் பிடித்து இழுத்து நேராக்கும். நுழைவை மட்டும் பார்த்தவர் இதை மந்தமான கார் என்பார், வெளியேற்றத்தை மட்டும் பார்த்தவர் அற்புதம் என்பார். மூன்று பகுதியையும் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

வீல் பற்றி. நல்ல ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலில் (சக்கரங்களின் விசையைக் கைக்குத் திருப்பித் தரும் வீல்) ஒரு பெரிய லாபம் உண்டு: முன் டயர் தன் எல்லையை நெருங்கும்போது ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும். மூக்கு வெளியே போகப்போகிறது என்று கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். கன்ட்ரோலரில் அது இல்லை. போதாததற்கு, உங்கள் விரலின் வெட்டென்ற அசைவை விளையாட்டே மென்மையாக்கித்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. அதனால் ‘ஸ்டீயரிங் கூர்மை’ பற்றிக் கன்ட்ரோலரில் ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மற்ற எல்லாம் சொல்லலாம். பிரேக் பட்டனில் ஏபிஎஸ் துடிப்பது விரலுக்கே தெரிகிறது. டயர் கீச்சிடுவது காதுக்குக் கேட்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு, முடிந்தால் ஹெட்போனோடு ஓட்டுங்கள். காருக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கேமராவை விட்டுவிட்டு பானெட்டுக்கு மேலிருந்து முன்னால் பார்க்கும் பானெட் பார்வைக்கு வாருங்கள். வண்டி திரும்புவதை அங்கேதான் சரியாக உணரமுடியும். உங்கள் வீடியோவைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கன்ட்ரோலரில் ஓட்டுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். வீலுக்குப் பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ‘911 இப்படித்தான்’ என்று பேசாதீர்கள், ‘இந்த விளையாட்டில் 911 இப்படி ஓடுகிறது’ என்று பேசுங்கள். 2022 மார்ச்சில் வந்த கிரான் டூரிஸ்மோ 7-உம் இன்று நீங்கள் ஓட்டுவதும் ஒன்றல்ல. 2024 ஜூலையில் வந்த 1.49 அப்டேட்டிலேயே சஸ்பென்ஷன், டயர் கணக்குகளை மாற்றினார்கள். அதற்கு முந்தைய விமர்சனங்களில் சொன்னது சில கார்களுக்கு இப்போது பொருந்தாது. எந்த அப்டேட்டில் ஓட்டினீர்கள் என்பதை வீடியோவின் கீழே எழுதிவையுங்கள்.

முதல் வீடியோவுக்கு ரோட்ஸ்டரையும் சிவிக்கையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 1.6 லிட்டர், இரண்டும் லேசான கார்கள், ஆனால் சக்தி போய்ச்சேரும் சக்கரம் எதிரெதிர். இரண்டுக்கும் ஒரே டயர், ஒரே சுகுபா, அதே கடைசி வளைவில் ஆக்சிலரேட்டரை விடும் சோதனை. ஓட்டி முடித்த உடனே, லேப் நேரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, நினைவில் இருப்பதைப் பேசிப் பதிவு செய்துவிடுங்கள்; நேரத்தைப் பார்த்துவிட்டால் வேகமான காரே நல்ல கார் என்று மனம் முடிவுகட்டிவிடும். 911 மூன்றாவது வீடியோவுக்கு இருக்கட்டும். அதற்குள் ஆர்2-வை மெதுவாக விடுவதற்கு உங்கள் விரல் பழகியிருக்கும்.