விலை குறைந்த புது போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்திருப்பதாகவும், இந்த வருடம் முதல் முறையாக மான் வேட்டைக்குப் போகப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 450 டாலருக்குள் கிடைக்கும் புது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை (ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) நம்பி வாங்கலாமா, தரத்தை எப்படிப் பார்ப்பது என்பது உங்கள் கேள்வி.

தாராளமாக வாங்கலாம். நான் ஆறு வருடமாக அந்த விலை ரைஃபிளோடுதான் காட்டுக்குப் போகிறேன். ஆனால் கடைக்காரர் காட்டுகிற இடத்தைப் பார்க்காமல் வேறு இடத்தைப் பார்க்க வேண்டும்.

விலை எங்கே குறைந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தோட்டா சேம்பரில், அதாவது சுடும் முன் அது இருக்கும் அறையில், உட்கார்ந்ததும் அதன் அடிப்பகுதிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சரியாக இருக்க வேண்டும். இதை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். முன்பெல்லாம் தேர்ந்த கைகள் பொறுமையாகப் பொருத்திய வேலை அது. 1958-இல் வந்த சாவேஜ் 110 ரைஃபிளில் பேரலை, அதாவது குண்டு பாயும் குழலை, சேம்பரில் வைத்த அளவுமானியில் முட்டும் வரை திருகி நிறுத்தி, பெரிய நட்டு போட்டு இறுக்கிவிட்டார்கள். வேலை சுலபமாகிவிட்டது. இன்றைய சாவேஜ் ஆக்சிஸ், 2012-இல் வந்த ரூகர் அமெரிக்கன் இரண்டிலும் அதே நட்டுதான். தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையில் வால்நட் மரம் போய் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வந்தது. பளபளப்பு போயிற்று. இதில் எதுவும் பேரலின் தரத்தைக் குறைக்காது. அதனால்தான் இந்த விலையிலும் பேரல்கள் நன்றாகவே சுடுகின்றன.

குறை வந்தால் வேறு இடங்களில் வரும். என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் சீசனில் ஒரு மலிவு ரைஃபிள் வைத்திருந்தேன், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். காலையில் ஈர இலைகள் நிறைந்த சரிவில் இறங்கி உட்கார்ந்தேன். 60 கஜத்தில் ஒரு பெண் மான் வந்து நின்றது. சுட்டேன், பட்டது, ஆனால் விழவில்லை. போல்ட்டை இழுத்துத் தள்ளினேன், உள்ளே எதுவும் போகவில்லை. குனிந்து பார்த்தால் தோட்டாக்கள் இருக்கும் பெட்டி, மேகசினே இல்லை! சரிவில் இறங்கும்போது இடுப்பில் உரசி, பிளாஸ்டிக் கொக்கி விட்டு, எங்கோ இலைக்குள் விழுந்திருக்கிறது. சேம்பரில் இருந்த ஒற்றைத் தோட்டாவோடுதான் நான் உட்கார்ந்திருந்தேன். ரத்தத் தடத்தைப் பிடித்து நண்பரும் நானும் இரண்டு மணி நேரம் நடந்த பிறகுதான் அந்த மானைக் கண்டோம். அதுவரை அது பட்ட வேதனை என்னால் வந்தது. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் என்னைப் பொறுத்தவரை தரம் என்றால் முதலில் ஒரே கேள்விதான்: இரண்டாவது தோட்டா தடையில்லாமல் உள்ளே போகிறதா? பென்சில்வேனியாவில் மானுக்கு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கூடாது. அந்த இரண்டாவது தோட்டாவை உங்கள் கைதான் ஏற்ற வேண்டும்.

கடையில் ரைஃபிளைக் கையில் எடுத்ததும் போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். முனை யார் பக்கமும் இருக்கக் கூடாது. போல்ட் முழுக்கப் பின்னால் இருக்கும்போது ஆடினால் கவலைப்படாதீர்கள், எல்லாமே கொஞ்சம் ஆடும். மூடியதும் இறுக்கமாக நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். தோளில் வைத்தபடியே வேகமாக இழுத்துத் தள்ளிப் பாருங்கள். சொரசொரப்பு நாளடைவில் போய்விடும். பாதியில் சிக்கி நிற்கிறது என்றால் அந்த ரைஃபிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேகசினை மாட்டி, கையால் பக்கவாட்டில் அழுத்துங்கள், லேசாகத் தட்டுங்கள். கொக்கி எவ்வளவு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

அடுத்து ஒரு டாலர் நோட்டு. பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே அதை நுழைத்து, முனையிலிருந்து பின்பக்கமாக இழுக்க வேண்டும். தடையில்லாமல் போனால் பேரல் எதிலும் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் ஊர்க் கடையில் ஒரு ரைஃபிளில் நோட்டு அழகாகப் போய் வந்தது. அப்புறம் கட்டையின் முன்பகுதியைக் கட்டைவிரலால் பேரலை நோக்கி அழுத்தினேன். நோட்டு அப்படியே மாட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் அவ்வளவு வளைகிறது. அந்த ரைஃபிளை, மரத்தில் கட்டிய வேட்டை மேடையின் கம்பியில் சாய்த்துச் சுட்டால் குண்டு வேறு இடத்தில் விழும். பிடித்துப்போய் வாங்கிவிட்டீர்கள் என்றால், மேகசினுக்குச் சற்று முன்னால் தாங்கிச் சுடுங்கள், அங்கே கட்டை உறுதியாக இருக்கும்.

ட்ரிகர், அதாவது சுடும் விசை, இப்போது பெரிய பிரச்சினை இல்லை. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை நாமே மாற்றக்கூடிய சாவேஜின் அக்யுட்ரிகர் வந்த பிறகு மற்றவர்களும் திருந்தினார்கள். ரூகர் அமெரிக்கனில் 3 முதல் 5 பவுண்டு வரை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ட்ரிகரைத் தடுக்கும் பூட்டான சேஃப்டியை மட்டும் கட்டாயம் சோதியுங்கள். காலி ரைஃபிளில் போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை அழுத்தி விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். அந்த நேரத்தில் 'டக்' என்று விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். இது மலிவு விலைக்கு மட்டும் உள்ள ஆபத்தும் இல்லை. 2014-இல் ரெமிங்டன் நிறுவனமே தன் புகழ்பெற்ற மாடல் 700 ரைஃபிள்களை, எக்ஸ்மார்க் ப்ரோ ட்ரிகர் தானாக விடுபடலாம் என்று திரும்ப அழைத்தது. எதை வாங்கினாலும் சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் ஒரு முறை பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டாக்களை மேகசின் நிறையப் போட்டு, மெதுவாகவும் வேகமாகவும் ரைஃபிளைச் சாய்த்தும் ஏற்றி இறக்குங்கள். நான் நூறு முறையாவது செய்வேன். இருபது டாலர், முப்பது டாலர் ஆனாலும் இன்னொரு மேகசின் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்சுக்குப் போகும் முன் பேரலில் உள்ள தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்து, கட்டையின் திருகுகளையும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகளையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ரைஃபிளோடு சேர்த்துக் கொடுக்கும் ஸ்கோப்தான் பெரும்பாலும் பலவீனமான பகுதி. குறி மாறினால் பேரலைத் திட்டும் முன் அதைச் சந்தேகியுங்கள்.

மூன்று குண்டு ஒரு அங்குலத்துக்குள் விழுந்த படத்தை எல்லோரும் காட்டுவார்கள். மூன்று குண்டு தற்செயலாகவும் சேரும். ஐந்து ஐந்தாக, இரண்டு மூன்று வகைத் தோட்டாவில் சுட்டுப் பாருங்கள், மெல்லிய பேரல் சூடானால் ஆறவிடுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 8 அங்குலம். 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் சுடும் ரைஃபிள் காட்டில் போதும். அதைவிட முக்கியம், ஆறிய பேரலின் முதல் குண்டு. மூன்று வெவ்வேறு நாட்கள் போய், ஒவ்வொரு நாளும் முதல் குண்டை ஒரே அட்டையில் சுடுங்கள். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்த ரைஃபிளை நம்பலாம்.

காலித் தோட்டாக்களை எறியாதீர்கள். நீளக் கீறல், வீங்கிய அடிப்பகுதி, துளைபட்ட பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள சிறு பற்றவைப்பு மூடி), சுட்ட பிறகு போல்ட் தூக்கக் கனமாக இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுடுவதை நிறுத்திவிட்டு, துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்திடம் காட்டுங்கள். ஹெட்ஸ்பேஸை அவர் அளந்து சொல்லிவிடுவார்.

இன்னொன்று, எச்-1பி மாதிரி விசாவில் இருந்தால் கவனம். வேட்டை உரிமம் இல்லாமல் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆகவே முதலில் ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு, அடுத்து உரிமம், அப்புறம்தான் துப்பாக்கிக் கடை. வழக்கமான ரைஃபிள் மான் சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. நவம்பரில் ரேஞ்சில் இடம் பிடிப்பது கஷ்டம், செப்டம்பரிலேயே அந்த மூன்று நாட்களை முடித்துவிடுங்கள்.